வீட்டில் பதிவு செய்த டி.வி.டி. ஓடவில்லையா? காரணங்களும் நிவர்த்தி முறைகளும்

பயிரில் இலை மஞ்சளித்தால் உடனே யூரியாவை அள்ளித் தூவி விடுவதில்லை. தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரடியில் நீர் தேங்கியதா என்று பார்த்த பிறகே பரிகாரம் செய்கிறோம். வீட்டில் பதிவு செய்த டி.வி.டி. தகடு பிளேயரில் ஓடாதபோதும் இதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை. தகடு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். அல்லது பிளேயர் பழுதாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வந்து, அதிலும் ஓடாமல் ஏமாற்றம் அடைகிறார்கள்.

தமிழக அரசு 2006ஆம் ஆண்டு முதல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் டி.வி.டி. பிளேயரும் பல கிராமத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. திருமணம், வளைகாப்பு, காதுகுத்து, கோயில் குடமுழுக்கு முதலிய நிகழ்ச்சிகளை வீடியோ எடுத்துத் தகட்டில் பதிந்து வாங்கி வைத்தோம். பயிற்சி முகாம்களில் காட்டிய சாகுபடிப் படங்களையும் நகல் எடுத்து வந்தோம். அத்தகடுகளில் பலவற்றுக்கு இன்று பத்து முதல் இருபது வயது ஆகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மறுபிரதி கிடையாது. மறைந்துபோன பெரியவர்களின் முகமும் குரலும் அந்த ஒரே ஒரு தகட்டில்தான் இருக்கின்றன. ஆகையால் ஓடாத தகட்டை எறியுமுன் காரணத்தைக் கண்டறிவது மிகவும் அவசியம். ஓடவில்லை என்பதாலேயே பதிவு அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. இதற்கான காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறைகளையும், நிவர்த்தி செய்யும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

தகடு வேலை செய்யும் விதம்

டி.வி.டி. தகட்டின் குறுக்களவு 12 செ.மீ., கனம் 1.2 மி.மீ. ஆகும். ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளை ஒட்டி இது தயாரிக்கப்படுகிறது. பதிவு இருக்கும் அடுக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. பதிவானது நடுத்துளைக்கு அருகில் தொடங்கி, சுருள் பாதையாக வெளி ஓரத்தை நோக்கிச் செல்கிறது. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 0.74 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் சுமார் 1,350 சுற்றுகள் அடங்கியுள்ளன. பிளேயரில் உள்ள சிவப்பு லேசர் ஒளி இந்தப் பாதையின் மீது விழுந்து திரும்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பிளேயர் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது.

கடையில் விற்கும் திரைப்படத் தகடும் வீட்டில் பதிவு செய்த தகடும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் தயாரிப்பில் வேறுபட்டவை. திரைப்படத் தகடு ஆலையில் அச்சு வைத்து அழுத்தி எடுக்கப்படுகிறது. அதில் பதிவு, நுண்ணிய பள்ளங்களாக நிலையாக அமைந்திருக்கும். வீட்டில் பதிவு செய்யும் தகட்டில் பள்ளம் கிடையாது. அதில் ஒரு வகைச் சாயம் பூசப்பட்டுள்ளது. பதிவு செய்யும்போது லேசரின் வெப்பத்தால் சாயம் மாறுதலடைந்து புள்ளிகள் உண்டாகின்றன. பதிவு செய்வதையே சிலர் ‘ரைட்’ செய்வது என்றும், சிலர் ‘பர்ன்’ செய்வது என்றும் சொல்கிறார்கள். அழித்து அழித்துப் பதியக் கூடிய தகட்டில் சாயத்துக்குப் பதிலாக உலோகக் கலவை பூசப்பட்டிருக்கும்.

எனவே திரைப்படத் தகட்டைத் தடையின்றி ஓட்டும் பிளேயர், வீட்டுத் தகட்டை ஏற்க மறுப்பதில் வியப்பில்லை. மறுப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

குறை எங்கே உள்ளது என்று கண்டறிதல்

முதலில் இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். மஞ்சள் முனை படத்துக்கு, சிவப்பு, வெள்ளை முனைகள் ஒலிக்கு உரியவை. தொலைக்காட்சிப் பெட்டி ‘ஏ.வி.’ நிலையில் இருக்க வேண்டும். பிளேயரை இயக்கியதும் அதன் பெயரோ முகப்புப் படமோ திரையில் தெரிந்தால் இணைப்பு சரியாக உள்ளது என்று கொள்ளலாம். அதன்பின் கீழ்க்கண்ட நான்கு சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. கடையில் வாங்கிய நல்ல திரைப்பட டி.வி.டி. ஒன்றைப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் குறை பிளேயரில் உள்ளது. ஓடினால் அடுத்த சோதனைக்குச் செல்லலாம்.

2. வீட்டில் பதிவு செய்து, முன்பு இதே பிளேயரில் நன்றாக ஓடிய வேறொரு தகட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பிளேயர் நல்ல நிலையில் உள்ளது. குறை குறிப்பிட்ட தகட்டில்தான். திரைப்படத் தகடு ஓடி, முன்பு ஓடிய வீட்டுத் தகடுகள் எதுவும் ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசு படிந்திருக்கலாம் அல்லது லேசரின் வலு குறைந்திருக்கலாம்.

3. ஓடாத தகட்டை அக்கம் பக்கத்து வீட்டுப் பிளேயர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் பதிவு நலமாக உள்ளது. உங்கள் பிளேயருக்கும் அந்தத் தகட்டின் இனத்துக்கும்தான் பொருத்தம் இல்லை.

4. எங்கும் ஓடவில்லை என்றால், டி.வி.டி. டிரைவ் உள்ள கணினியில் தகட்டைப் போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன கோப்புகள் உள்ளன என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு செய்யலாம். தகடு கணினியில் திறந்துவிட்டால், வேறு எதையும் செய்யுமுன் அதிலுள்ள அனைத்தையும் கணினியில் நகல் எடுத்துவிட வேண்டும். மறுமுறை திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்த நான்கு சோதனைகளுக்கும் செலவு ஏதும் இல்லை. இவற்றைச் செய்யாமல் பிளேயரைப் பழுதுபார்க்கக் கொடுப்பதோ, புதிது வாங்குவதோ கூடாது.

காரணம் 1: வீடியோ தகட்டுக்குப் பதில் டேட்டா தகடு

வீட்டுத் தகடுகள் ஓடாமைக்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே. கைப்பேசியிலோ காமிராவிலோ எடுத்த படத்தை அப்படியே தகட்டில் நகல் எடுத்துவிட்டால் அது டி.வி.டி. வீடியோ ஆகிவிடாது. அது வெறும் கோப்புகளைச் சுமந்திருக்கும் டேட்டா தகடு. கணினி அதைத் திறந்து காட்டும், பிளேயர் காட்டாது. விதை நெல்லை மூட்டையோடு நாற்றங்காலில் வைத்துவிட்டு முளைக்கவில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

பிளேயர் எதிர்பார்க்கும் அமைப்பு வேறு. தகட்டைத் திறந்தவுடன் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற பெயருள்ள கோப்புறை தெரிய வேண்டும். அதனுள் ‘வி.ஓ.பி.’, ‘ஐ.எப்.ஓ.’, ‘பி.யு.பி.’ என்று முடியும் மூன்று வகைக் கோப்புகள் இருக்க வேண்டும். முதல் வகையில் படமும் ஒலியும் உள்ளன. இரண்டாம் வகை, எங்கே தொடங்கி எங்கே செல்ல வேண்டும் என்று பிளேயருக்கு வழி காட்டுகிறது. மூன்றாம் வகை அதன் மாற்றுப் பிரதி. படம் ‘எம்பெக் 2’ என்னும் முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். இக்காலக் கைப்பேசிகள் எடுக்கும் ‘எம்.பி.4’ கோப்புகள் இம்முறையில் இருப்பதில்லை.

இதற்குப் பரிகாரம், படத்தை டி.வி.டி. வீடியோவாக மாற்றித் தரும் மென்பொருளைப் பயன்படுத்துவதாகும். ‘டி.வி.டி. ஸ்டைலர்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்டுடியோவிலோ கணினி மையத்திலோ கொடுத்துச் செய்வதானால், ‘டேட்டாவாக வேண்டாம், டி.வி.டி. வீடியோவாகப் பதிந்து தாருங்கள்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

‘வீடியோ டி.எஸ்.’ கோப்புறை இருந்தும் ஓடாத தகடுகளும் உண்டு. அந்தக் கோப்புறையை ‘அண்ணன் திருமணம்’ என்பது போன்ற வேறொரு கோப்புறைக்குள் வைத்துப் பதிந்திருந்தால் பிளேயர் அதைத் தேடி உள்ளே செல்லாது. அது தகட்டின் முதல் நிலையிலேயே இருக்க வேண்டும்.

விண்டோஸ் 7 முதலான கணினிகளில் வெற்றுத் தகட்டைப் போட்டுப் பதியத் தொடங்கினால், அதை எவ்வாறு உபயோகிக்கப் போகிறீர்கள் என்ற கேள்வி வரும். ‘யு.எஸ்.பி. டிரைவ் போல’ என்ற விடையைத் தேர்ந்தெடுத்தால் அத்தகடு சாதாரணப் பிளேயர்களில் ஓடாது. ‘சி.டி., டி.வி.டி. பிளேயருடன்’ என்ற விடையையே தேர்ந்தெடுக்க வேண்டும். எனினும் இந்த விடையும் கைப்பேசிப் படத்தைத் தானாக டி.வி.டி. வீடியோவாக மாற்றித் தராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காரணம் 2: முடித்து மூடாத பதிவு

பதிவு முடிந்ததும் தகட்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் சில குறிப்புகளை எழுதித் தகட்டை மூட வேண்டும். இதற்கு ‘பைனலைஸ்’ செய்தல் என்று பெயர். இக்குறிப்புகள் இல்லாத தகட்டைப் பிளேயர் வெற்றுத் தகடு என்றே கருதும். ‘டிஸ்க் இல்லை’, ‘டிஸ்க் தவறு’ என்ற செய்திகள் திரையில் வரும். கணினி கூடச் சில சமயம் ‘காலியாக உள்ளது’ என்றே காட்டும். ஆனால் தகட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பதிவான பகுதி உள் வட்டமாகச் சற்று நிறம் மாறித் தெரியும். அவ்வாறு தெரிந்தால் பதிவு உள்ளே இருக்கிறது என்று அறியலாம்.

8 செ.மீ. சிறு தகட்டில் நேரடியாகப் பதியும் வீடியோ காமிராக்களிலும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதியும் ரெக்கார்டர்களிலும் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. இத்தகைய தகட்டை, அதைப் பதிந்த அதே கருவியில் மீண்டும் போட்டு, பட்டியலில் உள்ள ‘பைனலைஸ்’ கட்டளையைக் கொடுத்தால் போதும். வேறு கம்பெனிக் கருவியில் இது நடக்காமல் போகலாம். பழைய கருவி இப்போது இல்லை என்றால், மூடாத தகட்டையும் படிக்கக் கூடிய ‘ஐசோபஸ்டர்’ போன்ற மென்பொருள் கொண்டு கணினியில் முயன்று பார்க்கலாம். வெற்றுத் தகடு என்று கருதி அதன் மேல் மறுபடியும் பதிவு செய்ய ஒருபோதும் முயலக் கூடாது.

காரணம் 3: தகட்டின் இனம்

நெல்லில் இரகங்கள் இருப்பது போல, பதிவுத் தகட்டிலும் இனங்கள் உண்டு. 1997ஆம் ஆண்டு வெளிவந்தது ‘மைனஸ் ஆர்’ இனம். 2002ஆம் ஆண்டு வெளிவந்தது ‘பிளஸ் ஆர்’ இனம். இவை இரண்டும் ஒரு முறை மட்டுமே பதியக் கூடியவை. ‘ஆர்.டபிள்யூ.’ என்று குறித்திருப்பவை அழித்து மீண்டும் பதியக் கூடியவை. தகட்டின் மேற்புறத்திலேயே இனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்.

ஒற்றை அடுக்குத் திரைப்படத் தகடும், ஒரு முறை பதியும் தகடும் தம் மீது விழும் ஒளியில் 45 முதல் 85 சதம் வரை திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆர்.டபிள்யூ. தகட்டுக்கு இந்த அளவு 18 முதல் 30 சதம் மட்டுமே. எனவே பழைய பிளேயர்களும், லேசரின் வலு குறைந்த பிளேயர்களும் ஆர்.டபிள்யூ. தகட்டைப் படிக்கத் திணறுகின்றன. பிளேயரில் ஓட்டுவதற்காகப் பதியும்போது ஆர்.டபிள்யூ. தகட்டைத் தவிர்ப்பது நல்லது.

பழைய பிளேயர்களுக்கு மைனஸ் ஆர் தகடு பெரும்பாலும் பொருந்தும். சில பிளேயர்கள் பிளஸ் ஆர் என்ற குறியைக் கண்டதும் மறுத்துவிடும். பிளஸ் ஆர் தகட்டில் பதியும்போது, ‘புக் டைப்’ என்ற குறியை ‘டி.வி.டி. ராம்’ என்பதற்கு அல்ல, ‘டி.வி.டி. ரோம்’ என்பதற்கு மாற்றிக் கொடுக்கும் வசதி சில டிரைவ்களில் உண்டு. அவ்வாறு மாற்றினால் பிளேயர் அதை அச்சுத் தகடு என்றே எண்ணி ஏற்றுக் கொள்ளும். மைனஸ் ஆர் தகட்டில் இக்குறியை மாற்ற இயலாது. 8.5 ஜி.பி. கொள்ளளவுள்ள இரட்டை அடுக்குத் தகட்டைவிட, 4.7 ஜி.பி. ஒற்றை அடுக்குத் தகடுகள் இரண்டில் பிரித்துப் பதிவது பாதுகாப்பானது.

‘வட்டாரக் குறியீடு’ ஒத்து வரவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இந்தியாவுக்கு உரிய எண் 5. இக்கட்டுப்பாடு கடையில் விற்கும் திரைப்படத் தகடுகளுக்கானது. வீட்டில் பதியும் தகடுகளில் பொதுவாக இது இருப்பதில்லை.

காரணம் 4: அவசரப் பதிவும் தரமற்ற தகடும்

தகட்டின் மேல் ‘16 எக்ஸ்’ என்று எழுதியிருந்தால், அதுவே பதிய வேண்டிய வேகம் என்று பொருள் அல்ல. அதுவே உச்ச வரம்பு. உச்ச வேகத்தில் பதியும்போது, முக்கியமாக வெளி ஓரத்தில், புள்ளிகள் தெளிவின்றி அமையக் கூடும். கணினியின் டிரைவ் இதைச் சமாளித்துப் படித்துவிடும். பிளேயர் தடுமாறும். இதனால் படம் முக்கால் பாகம் ஓடிவிட்டுக் கடைசியில் கட்டம் கட்டமாகச் சிதறும் அல்லது நின்றுவிடும்.

16 எக்ஸ் தகட்டை 4 அல்லது 8 எக்ஸ் வேகத்தில் பதிவது நல்லது. 4 எக்ஸ் வேகத்தில் முழுத் தகடு பதிய சுமார் 15 நிமிடம் ஆகும். இந்தச் சில நிமிடப் பொறுமை பல ஆண்டுகளுக்குப் பலன் தரும். மிகக் குறைந்த வேகமே எப்போதும் சிறந்தது என்றும் கொள்ளக் கூடாது. அதிவேகத்துக்கென்று தயாரித்த சாயம் மிகக் குறைந்த வேகத்தில் சரியாகப் பதியாமல் போவதுண்டு. நடுத்தர வேகமே ஏற்றது.

பெயர் தெரியாத, உறையில்லாத தகடுகளை மலிவு என்று வாங்குவது, சான்று பெறாத விதையை வாங்குவது போன்றதே. மேலும் 4.7 ஜி.பி. என்று அட்டையில் உள்ளதைக் கணினி 4.37 ஜி.பி. என்றே காட்டும். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். தகட்டில் குறை இல்லை. விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விட்டுப் பதிந்தால் வெளி ஓரத் தொல்லைகள் குறையும்.

காரணம் 5: அழுக்கு, கீறல், ஒட்டுத்தாள்

தகட்டைக் கையாளும்போது விளிம்பையும் நடுத்துளையையும் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசு ஆகியவை ஒளியை மறைக்கும். தகட்டைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணியை உபயோகிக்கலாம். நடுத்துளையிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஏனெனில் குறுக்கே விழும் சிறு கீறலைப் பிளேயர் கணக்கிட்டுச் சரி செய்துகொள்ளும்; பாதையின் போக்கிலேயே வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நீண்ட பதிவைக் கெடுத்துவிடும். அழுக்கு போகவில்லை என்றால் சுத்தமான நீரில் சிறிது மென்மையான சோப்பைக் கலந்து துடைத்து, பின் நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சாம்பல், பாத்திரம் துலக்கும் பவுடர் ஆகியவற்றை உபயோகிக்கக் கூடாது.

தகட்டின் மேல் காகித லேபிள் ஒட்டுவது கெடுதல். தகடு வேகமாகச் சுழலும்போது எடைச் சமன் கெட்டு அதிர்வு உண்டாகும். பிளேயரின் சூட்டில் காகிதம் சுருங்கித் தகடு வளையும். ஏற்கனவே ஒட்டிய லேபிளைப் பிய்த்து எடுக்கவும் முயலக் கூடாது. பெயர் எழுத நீர் மை கொண்ட மெல்லிய முனைப் பேனாவையே உபயோகிக்க வேண்டும்.

காரணம் 6: பிளேயரின் லென்ஸ்

கதிரடிக்கும் காலத்துத் தூசும், சமையல் புகையும் பிளேயருக்குள் புகுந்து லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. கடைகளில் கிடைக்கும் சிறு தூரிகை பொருத்திய லென்ஸ் துடைக்கும் தகட்டைப் போட்டு ஓட்டினால் சாதாரணத் தூசு நீங்கும். மூடியைத் திறந்து விரலாலோ துணியாலோ லென்ஸைத் தேய்க்கக் கூடாது. உள்ளே மின்சாரம் பாயும் பகுதிகள் உள்ளன. லேசர் ஒளி கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கும். இவ்வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

சி.டி. பாட்டுகள் ஓடுகின்றன, டி.வி.டி. எதுவும் ஓடவில்லை என்றால் ஒரு தெளிவான முடிவுக்கு வரலாம். சி.டி.யைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியும், டி.வி.டி.யைப் படிக்க 650 நானோமீட்டர் ஒளியும் தேவை. இதற்காகப் பிளேயரில் தனித்தனி லேசர்கள் உள்ளன. அவற்றில் டி.வி.டி.க்கு உரியது மட்டும் வலுவிழந்திருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் இந்த விவரத்தைச் சொன்னால் தேவையற்ற செலவைத் தவிர்க்கலாம். மழைக்காலத்தில் ஈரக்காற்று லென்ஸில் பனித்துப் படிவதும் உண்டு. பிளேயரை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தகடு போடாமல் இயக்கத்தில் வைத்திருந்தால் ஈரம் நீங்கும்.

அறிகுறிகளும் நிவர்த்தியும்

அறிகுறி: ‘டிஸ்க் இல்லை’ என்று வருகிறது, திரைப்படத் தகடு ஓடுகிறது.
நிவர்த்தி: மூடாத பதிவா என்று பார்க்கவும். ஆர்.டபிள்யூ. இனமாயின் மைனஸ் ஆர் தகட்டுக்கு மாற்றவும்.

அறிகுறி: கணினியில் ஓடுகிறது, எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை.
நிவர்த்தி: டேட்டா தகடாக இருக்கும். டி.வி.டி. வீடியோவாக மாற்றிப் பதியவும்.

அறிகுறி: ஒரு பிளேயரில் ஓடுகிறது; மற்றொன்றில் ஓடவில்லை.
நிவர்த்தி: வேறு இனத் தகட்டில் நடுத்தர வேகத்தில் நகல் எடுக்கவும். லென்ஸைத் துடைக்கவும்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கிக் கடைசிப் பகுதியில் நிற்கிறது.
நிவர்த்தி: வெளி ஓரத்தைத் துடைக்கவும். வேகத்தைக் குறைத்து, இடம் விட்டு மறுபதிவு செய்யவும்.

அறிகுறி: ஆரம்பம் முதல் இறுதி வரை விட்டு விட்டு ஓடுகிறது.
நிவர்த்தி: படத்தின் அளவு வினாடிக்கு 9.8 மெகாபிட் என்ற வரம்பை எட்டியிருக்கலாம். 8 மெகாபிட்டுக்குக் குறைவாக வைத்து மாற்றிப் பதியவும். வினாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு தகட்டில் சுமார் 2 மணி நேரப் படம் அடங்கும்.

அறிகுறி: படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது அல்லது உருண்டு ஓடுகிறது.
நிவர்த்தி: படம் அமெரிக்க முறையான ‘என்.டி.எஸ்.சி.’யில் பதிவாகியுள்ளது. நம் நாட்டு முறை ‘பால்’. பிளேயரின் அமைப்புப் பட்டியலில் ‘பால்’ என்று மாற்றிப் பார்க்கவும். பயனில்லை எனில் பால் முறையில் மறுபதிவு செய்யவும்.

அறிகுறி: படம் தெரிகிறது, ஒலி இல்லை.
நிவர்த்தி: சிவப்பு, வெள்ளை முனைகளைப் பார்க்கவும். சரியாக இருப்பின், டி.வி.டி.க்கு உரிய 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலியை மாற்றி மறுபதிவு செய்யவும்.

புதிதாகப் பதிவு செய்யும்போது

மறுபதிவு செய்யும்போதும், இனிப் புதிதாகப் பதியும்போதும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

1. நம்பிக்கையான தயாரிப்பில் மைனஸ் ஆர் தகட்டை வாங்கவும்.
2. படத்தைப் பால் முறையில் டி.வி.டி. வீடியோவாக மாற்றவும்.
3. பதியும்போது கணினியில் வேறு வேலை செய்யாமல் இருக்கவும். மின்தடை வரும் நேரத்தைத் தவிர்க்கவும். பாதியில் நின்ற பதிவால் தகடு வீணாகும்.
4. நடுத்தர வேகத்தில் பதிந்து, தகட்டை மூடவும்.
5. ‘வெரிபை’ என்ற சரிபார்க்கும் கட்டளையைத் தவறாமல் கொடுக்கவும்.
6. கடையை விட்டு வருமுன் அங்குள்ள பிளேயரில் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களிலும் ஓட்டிப் பார்க்கவும்.

இம்முறைகள் உங்கள் சொந்தப் படங்களுக்கும், நகல் எடுக்க அனுமதி உள்ள பயிற்சிப் படங்களுக்கும் உரியவை. திரைப்படத் தகடுகளை நகல் எடுத்து விற்பதும் கொடுப்பதும் சட்ட விரோதமாகும்.

தகடுகளைப் பாதுகாத்தல்

சாயம் பூசிய தகட்டுக்கு வெயிலும் வெப்பமும் ஈரமும் பகை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு, தகடுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், 20 முதல் 50 சத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் இது இயலாது. எனவே வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத இடத்தில், தகட்டை அதன் பெட்டிக்குள் வைத்து, புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கி வைக்கலாம். ஓட்டு வீட்டுப் பரண், ஜன்னல் ஓரம், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்புறம் ஆகிய இடங்கள் ஏற்றவை அல்ல.

எவ்வளவு பாதுகாத்தாலும் ஒற்றைத் தகட்டை நம்பி இருப்பது தவறு. புதிய மடிக்கணினிகளில் பலவும் டி.வி.டி. டிரைவ் இல்லாமலே வருகின்றன. தகட்டைப் படிக்கும் கருவி ஊரில் இருக்கும்போதே பதிவை வேறிடத்துக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். ‘வீடியோ டி.எஸ்.’ கோப்புறையை அப்படியே கணினியிலும், ஒரு பென் டிரைவிலும் நகல் எடுக்கலாம். அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் 1 ஜி.பி.க்கு மேற்படாததால், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காத பென் டிரைவிலும் தடையின்றி அடங்கும். பென் டிரைவும் ஒரு நாள் பழுதாகக் கூடியதே. ஆகையால் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைக்கவும். கணினியில் ஒரு டிரைவில் படிக்காத தகடு வேறொரு டிரைவில் படிப்பதுண்டு. எனவே இரண்டு மூன்று இடங்களில் முயன்று பார்க்காமல் எந்தத் தகட்டையும் கைவிட வேண்டாம்.

விதை நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் யாரும் இல்லை. குடும்பத்தின் நினைவுகளும் அத்தகையவையே. எனவே விவசாயிகள் தங்கள் வீட்டுப் பெட்டியிலும் அலமாரியிலும் உள்ள தகடுகளை வேலை குறைந்த கோடை நாளொன்றில் எடுத்து, மேற்கூறிய முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து, ஓடுபவற்றை உடனே நகல் எடுத்தும், ஓடாதவற்றைக் காரணம் அறிந்து சரிசெய்தும் பயன் பெறலாம்.